கிங்டம் மூன்றாம் சீசன்: ஐந்து நாட்டுப் படை நிஜமாகவே வந்ததா?

கேள்வி இதுதான்: "கிங்டம் அனிமேயின் மூன்றாம் சீசனை இப்போதுதான் முடித்தேன். ஐந்து நாடுகள் சேர்ந்து சின் நாட்டின் மேல் படையெடுத்தது உண்மையில் நடந்ததா? எது வரலாறு, எது கற்பனை? என் நண்பனை நேரடியாக இந்த சீசனிலிருந்தே பார்க்கச் சொல்லலாமா?"

நடந்தது. கி.மு. 241-இல், சீனா பல நாடுகளாகப் பிரிந்து கிடந்த காலத்தில். ஆனால் அந்தப் படையெடுப்பைப் பற்றிப் பழைய சீன நூல்களில் இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு பக்கம் நிரம்பாது. அந்த ஒரு பக்கத்துக்குள் இருக்கும் ஓட்டைகளில்தான் 26 எபிசோடும் உட்கார்ந்திருக்கின்றன. முழுக் கதையையும் போட்டு உடைக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். ஆட்கள் எல்லாரும் சீனர்கள், தொடர் ஜப்பானியம். அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு உச்சரிப்பு. அனிமேயில் கூட்டுப்படையின் மூளையாக வரும் ஜாவோ தளபதி ரிபோகு சீனத்தில் லீ மூ. ஹோகென் என்றால் பாங் நுவான். கதாநாயகன் ஷின் என்றால் லீ ஷின். எய்செய் என்பவன் யிங் ஜெங், அதாவது பிற்காலத்தில் சீனாவின் முதல் பேரரசர் ஆகப்போகும் இளைஞன். ஆட்களை அனிமே பெயரிலேயே அழைக்கிறேன், தேவைப்படும் இடத்தில் மற்றதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏன் படையெடுத்தார்கள்? இந்த இடத்தில் தொடர் வரலாற்றை ஒட்டியே போகிறது. கி.மு. 242-இல் சின் தளபதி மோகோ (மெங் ஆவோ) வெய் நாட்டின் இருபது ஊர்களைப் பிடித்தார். அங்கே 'கிழக்கு மாவட்டம்' என்று ஒரு நிர்வாகப் பகுதியையும் சின் அமைத்துக்கொண்டது. இரண்டாம் சீசனில் வரும் சான்யோ போர் இதுதான். வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். இந்தத் துண்டு நிலம் ஆப்பு மாதிரி கிழக்கே நீண்டு சீ நாட்டின் எல்லையைத் தொடுகிறது. வடக்கே ஜாவோவும் யானும், தெற்கே ஹானும் சூவும், நடுவில் சின். இனி தாமதித்தால் ஒவ்வொருவராக விழுங்கப்படுவோம் என்று மற்றவர்களுக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே படை திரண்டது.

இப்போது அந்த ஒரு பக்கத்துக்கு வருவோம். முக்கிய ஆதாரம் ஸீமா சியான் எழுதிய ஷிஜி என்ற வரலாற்று நூல். சம்பவம் நடந்து சுமார் 150 ஆண்டு கழித்து எழுதியது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும், முக்கியமான ஆட்களுக்கும் தனித்தனி அத்தியாயம். இந்தப் போரைக் கொஞ்சமாவது விவரிக்கும் இடங்கள் மூன்று, மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன.

சின் நாட்டின் பதிவு: ஹான், வெய், ஜாவோ, சூ, அப்புறம் வெய் என்றே உச்சரிக்கப்படும் இன்னொரு குட்டி நாடு, இவை சேர்ந்து தாக்கி ஷௌலிங் என்ற இடத்தைப் பிடித்தன. சின் படை அனுப்பியது, ஐந்து நாட்டுப் படைகளும் கலைந்தன. அவ்வளவுதான்.

ஜாவோ நாட்டின் பதிவு: பாங் நுவான் ஜாவோ, சூ, வெய், யான் ஆகிய நாடுகளின் தேர்ந்த படைகளை நடத்திச் சென்று சின்னின் ஸுய் என்ற ஊரைத் தாக்கினார், பிடிக்க முடியவில்லை. திரும்பி சீ நாட்டைத் தாக்கி ராவோ-ஆன் என்ற இடத்தைப் பிடித்தார்.

சூ நாட்டு அமைச்சர் சுன்ஷென் பிரபுவின் வாழ்க்கைப் பதிவு: கூட்டணிக்குத் தலைவர் சூ மன்னர், நடைமுறையில் எல்லாவற்றையும் பார்த்தவர் சுன்ஷென். ஹான்கு கணவாய்க்கு வந்தார்கள். சின் படை வெளியே வந்து மோதியது. எல்லா நாட்டுப் படைகளும் தோற்று ஓடின. மன்னர் பழியைச் சுன்ஷென் மேல் போட்டார்.

கவனித்தீர்களா? எந்த ஐந்து நாடு என்பதில்கூட ஒற்றுமை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எங்கே போர் நடந்தது என்பது. ஹான்கு கணவாய் சின்னின் கிழக்கு வாசல். ஸுய் என்பதோ கணவாயையெல்லாம் தாண்டி உள்ளே, தலைநகர் ஷியான்யாங்குக்குப் பக்கத்தில், இன்றைய லின்டோங் பகுதியில் இருந்த ஊர். வாசலிலேயே அடிபட்டு ஓடிய படை நடுவீட்டில் எப்படி நின்றது?

இந்த அனிமேக்கு மூலமான மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஆசிரியர் ஹாரா யாசுஹிசாவை நான் மெச்சுவது இந்த இடத்தில்தான். இரண்டு பதிவில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார். சீசனின் முன்பாதி முழுக்க ஹான்கு வாசலில் நடக்கிறது. சூ படை வாசலிலேயே தோற்கிறது, சுன்ஷென் பதிவில் இருப்பதுபோல. அதற்குள் ரிபோகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆட்களைக் கூட்டத்திலிருந்து உருவி, மலைகளுக்குள் நடத்திச் சென்று, தெற்கே வூ கணவாயிலிருந்து தலைநகருக்குப் போகும் பாதையில் திடீரென்று முளைக்கிறார். அந்தப் பாதையின் கடைசித் தடை, அனிமேயில் சாய் என்று வரும் ஊர். அதாவது ஸுய். 'ஹோகென் ஸுய்யைத் தாக்கினார், பிடிக்க முடியவில்லை' என்ற ஜாவோ பதிவும் காப்பாற்றப்பட்டுவிட்டது.

அந்த ரகசிய நடைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, கற்பனைதான். ஆனால் கிறுக்குக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கி.மு. 207-இல் லியூ பாங் (பின்னால் ஹான் வம்சத்தை நிறுவியவர்) ஹான்கு வாசலில் போய் முட்டாமல் இதே வூ கணவாய் வழியாகத்தான் சின் நாட்டுக்குள் நுழைந்தார். சின் சரணடைந்தது. ரிபோகு செய்ய நினைத்ததை 34 ஆண்டு கழித்து ஒருவர் செய்தே காட்டினார்.

சரி, ரிபோகு. தொடர் வரலாற்றை வளைத்ததிலேயே பெரிய வளைப்பு இவர்தான். பதிவுகளில் 241 படையெடுப்போடு லீ மூவின் பெயர் எங்கும் இல்லை. அவர் அந்தக் காலத்தில் இருந்தவர்தான், பெரிய தளபதிதான். வடக்கு எல்லையில் ஷியோங்னு குதிரைப்படையை நசுக்கியவர், கி.மு. 243-இல் யான் நாட்டிடமிருந்து இரண்டு ஊர்களைப் பிடித்தவர். ஆனால் கூட்டுப்படையின் மூளை அவர் என்று யாரும் எழுதவில்லை. எழுதப்பட்ட பெயர் பாங் நுவான்.

அனிமேயில் பாங் நுவான் யார்? ஹோகென். மலையில் தனியாக வாழ்ந்து, தன்னைப் போர்க்கடவுள் என்று சொல்லிக்கொண்டு, எந்த வியூகமும் தெரியாமல், பெரிய ஆயுதத்தை வீசிக்கொண்டு வரும் அரக்கன். நிஜத்தில் இருந்தவரோ இதற்கு நேர் எதிர். பாங் நுவான் பெயரில் நூல்கள் இருந்ததாக ஹான் வம்ச நூல்பட்டியல் சொல்கிறது. எழுதிய மனிதர், திட்டம் போட்ட மனிதர். கி.மு. 242-இல் யான் தளபதி கெகிஷின் (ஜூ ஷின்), "பாங் நுவானைச் சமாளிப்பது சுலபம்" என்று தன் மன்னரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருவரும் பழைய சிநேகிதர்கள். போரில் கெகிஷின் செத்தார், யான் படையில் இருபதாயிரம் பேர் பிடிபட்டார்கள்.

ஒரே மனிதரின் மூளையை ரிபோகுவுக்கும் கையை ஹோகென்னுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார் ஆசிரியர். கதைக்கு அது லாபம்: ஷின்னுக்கு வாளால் ஒரு எதிரி, எய்செய்க்கு அறிவால் ஒரு எதிரி. ஆனால் பாங் நுவானுக்கு நியாயம் கிடைக்கவில்லை. 2,200 ஆண்டு கழித்து இப்படி ஒரு மிருகமாக வரைவார்கள் என்று அந்த எழுத்தாளர் நினைத்திருப்பாரா? ஹோகென் திரையில் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஓடும்.

இதே மாதிரி இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் சூ தளபதிகள். எனக்கு இந்த சீசனிலேயே பிடித்த சங்கதி இவர்கள்தான்.

ரின்புகுன் ஞாபகம் இருக்கிறதா? முதல் நாளே சின் தளபதி தோவிடம் மோதிச் சாகும் சூ தளபதி. இவர் சீனப் பதிவில் லின்வு பிரபு. ஜான்குவோ த்ஸ என்ற பழைய தொகுப்பில் ஒரு காட்சி வருகிறது. சின்னுக்கு எதிராக நாடுகள் சேர்ந்த ஒரு சமயம். ஜாவோ தூதர் ஒருவர் வந்து சுன்ஷென்னிடம், "உங்களிடம் தளபதி உண்டா?" என்று கேட்கிறார். "லின்வுவைப் போடலாம் என்றிருக்கிறேன்" என்கிறார் சுன்ஷென். தூதர் ஒரு கதை சொல்கிறார். ஒரு வில்லாளி, வெய் மன்னரோடு நின்றுகொண்டிருந்தபோது வானத்தில் ஒரு வாத்தைப் பார்த்தான். அம்பே இல்லாமல் நாணை மட்டும் சுண்டினான், வாத்து விழுந்தது. மன்னர் அசந்துபோனார். வில்லாளி விளக்கினான்: அது மெதுவாகப் பறந்தது, பழைய காயம் வலிக்கிறது, சோகமாகக் கத்தியது, கூட்டத்தைப் பிரிந்து ரொம்ப நாளாகிறது. நாண் சத்தம் கேட்டதும் பயந்து மேலே எழும்பப் பார்த்தது, காயம் பிளந்து விழுந்துவிட்டது. லின்வுவும் அப்படித்தான், சின்னிடம் ஒருமுறை அடிபட்டவர், அவரைச் சின்னுக்கு எதிராக அனுப்பாதீர்கள் என்று முடிக்கிறார் தூதர்.

அனிமேயில் அவரைத்தான் முதல் வரிசையில் அனுப்புகிறார்கள். கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சண்டையின் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தவர் கான்மெய். மலை மாதிரி உடம்பு, தூண் மாதிரி ஆயுதம், சின் தளபதி மோபுவோடு மோதி மாளும் அந்த ராட்சதன். இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அதே தொகுப்பில் ஹான் மிங் என்று ஒருவர் வருகிறார். அவர் போர்வீரரே இல்லை, வேலை தேடி வந்த பேச்சாளர்! சுன்ஷென்னைப் பார்க்க மூன்று மாதம் காத்துக் கிடக்கிறார். கடைசியில் ஒரு உவமை சொல்கிறார்: உயர்ந்த சாதிக் குதிரை ஒன்று கிழடாகி, உப்பு வண்டி இழுத்துக்கொண்டு தைஹாங் மலையேறத் திணறுகிறது. குதிரைகளின் தரம் அறிந்த போ லே எதிரே வருகிறார். வண்டியிலிருந்து இறங்கி, அழுது, தன் சட்டையைக் கழற்றி அதன் மேல் போர்த்துகிறார். குதிரை தலையைத் தூக்கிக் கனைக்கிறது, தன்னைத் தெரிந்த ஒருவர் வந்துவிட்டார் என்று. எனக்கும் அப்படிக் கனைக்க ஒரு வாய்ப்புத் தரமாட்டீர்களா என்று கேட்கிறார் ஹான் மிங். இந்த மனிதரைத்தான் தொடரில் சூ நாட்டின் மாபெரும் பலசாலியாக ஆக்கியிருக்கிறார்கள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு பெயர் இன்று உலகம் முழுக்கத் தெரிகிறது. கனைத்துவிட்டார்.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சின் தளபதி ஹ்யோகோ (பியாவோ கோங்) நிஜம். ஆனால் அவரைப் பற்றி மொத்தமாக இரண்டு வரிதான் உண்டு, அதில் ஒன்று கி.மு. 245-இல் முப்பதாயிரம் தலைகளை வெட்டினார் என்பது. அவர் சாவு, ஹோகென்னின் கையை உடைப்பது, ஷின்னுக்குக் கேடயத்தை வீசுவது எல்லாம் ஆசிரியரின் சொத்து. விஷத்தால் சாகும் சின் தளபதி சோதோவும் (ஜாங் தாங்) நிஜம். ஆனால் பதிவில் அவர் வருவது ஒரு தமாஷான கதையில். யானுக்குப் போ என்றால், வழியில் ஜாவோ இருக்கிறது, முன்பு அவர்களைத் தாக்கியிருக்கிறேன், விடமாட்டார்கள் என்று தயங்குகிறார்; 12 வயதுப் பையன் ஒருவன் பேசிச் சரிக்கட்டுகிறான். மலைவாசிகளின் அரசி யோதான்வா என்று வருபவர் பதிவில் யாங் துவான்ஹே என்ற சின் தளபதி, அவ்வளவே. மலையும் இல்லை, முகமூடியும் இல்லை, பெண் என்ற குறிப்பும் இல்லை. சூ பெண் தளபதி காரின் முழுக் கற்பனை. அவர் கொண்டுவரும் யானைகள் மட்டும் அப்படி இல்லை. கி.மு. 506-இலேயே சூ மன்னர் ஒருவர் யானைகளில் தீயைக் கட்டி எதிரிப் படைமேல் விரட்டிவிட்டதாகப் பழைய பதிவு உண்டு.

சீ நாடு கடைசி நேரத்தில் பணம் வாங்கிக்கொண்டு கூட்டணியிலிருந்து விலகுவது? பதிவுகளின்படி சீ இந்தக் கூட்டணியில் சேரவே இல்லை. ஆனால் மேலே சொன்ன ஜாவோ பதிவின் கடைசி வரியைப் பாருங்கள்: சின்னைத் தாக்கப்போன படை திரும்பி வரும்போது சீயை எதற்குத் தாக்கியது? காரணம் எழுதப்படவில்லை. நடுவில் ஒரு துரோகத்தைச் செருகினால் அந்த வரிக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. ஆசிரியர் அங்கிருந்துதான் பிடித்திருப்பார் என்பது என் ஊகம்.

அடுத்தது சாய். 'பிடிக்க முடியவில்லை' என்று சீனத்தில் இரண்டே எழுத்து. ஏன் முடியவில்லை என்று ஒரு சொல் கிடையாது. அந்த இரண்டு எழுத்துக்குள் ஆசிரியர் ஏழு நாள் முற்றுகையை வைத்தார். படையே இல்லாத ஊர். கிழவர்கள், பெண்கள், சிறுவர்கள் சுவர்மேல் ஏறி நிற்கிறார்கள். அவர்களை எழுப்ப மன்னனே நேரில் வந்து பேசுகிறான். எய்செய்க்கு அப்போது 18 வயது. நிஜத்தில் அவன் போனானா? எந்தப் பதிவிலும் இல்லை. ஆட்சி இன்னும் அமைச்சர் ரியோஃபுய் (லூ புவெய்) கையில் இருந்த காலம் அது.

இந்தப் பேச்சு எனக்கு இரண்டு விதமாகவும் படுகிறது. காட்சியாகப் பார்த்தால் மொத்தத் தொடரிலும் இதை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. சாதாரண ஜனங்களைச் சாகத் தூண்டிவிடப்போகிறேன் என்று அவனுக்கே தெரியும், அந்தக் குற்ற உணர்வோடுதான் பேசுகிறான். தொடர் அதை மறைக்கவும் இல்லை. இன்னொரு பக்கம், அந்த இடம் லின்டோங். ஸீமா சியான் சொல்வதைப் பார்த்தால், எய்செய் மன்னனான உடனேயே லீ மலையடியில் அவனுக்குக் கல்லறை தோண்டும் வேலை தொடங்கிவிட்டது. அதே லின்டோங் வட்டாரத்தில்தான். சுடுமண் வீரர்கள் புதைந்து கிடந்தது அங்கேதான். சுவர்மேல் நின்று ஜனங்களிடம் கண்கலங்கும் இளைஞனையும், அந்தக் கல்லறைக்கு லட்சக்கணக்கானவர்களை வேலை வாங்கிய பேரரசனையும் ஒரே ஆளாக நினைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. தொடர் இதுவரை இந்தக் கஷ்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது.

ஹான்கு கணவாயின் தோற்றத்தைப் பற்றியும் கேட்பார்கள். அனிமேயில் வானத்தை முட்டும் ஒரு சுவர், அதன் முன்னால் பெரிய சமவெளி. நிஜ ஹான்கு, இன்றைய ஹெனான் மாகாணம் லிங்பாவோ அருகே, மண்மேடுகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. 'ஹான்' என்ற எழுத்துக்கே பெட்டி என்று பொருள். இரண்டு வண்டி பக்கம் பக்கமாகப் போக இடமில்லை என்று பழைய விவரிப்புகள் சொல்கின்றன. வாசலின் பலம் சுவரின் உயரத்தில் இல்லை. எவ்வளவு பெரிய படை வந்தாலும் ஒரு நேரத்தில் கொஞ்சம் பேர்தான் முன்னால் வந்து சண்டை போட முடியும் என்பதில் இருந்தது. அது அசைக்கவே முடியாத வாசலும் அல்ல. கி.மு. 296-இல் சீ, ஹான், வெய் படைகள் உள்ளே புகுந்து, சின்னிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன.

குதிரைமேல் உட்கார்ந்து தளபதிகள் ஒண்டிக்கு ஒண்டி மோதுவதும் அந்தக் காலத்துக்கு ஒட்டாது. சுடுமண் சிலைகளில் குதிரைகளுக்குச் சேணம் இருக்கிறது, அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லை. அங்கவடி இல்லாமல் கான்மெய்யின் ஆயுதத்தை ஒருமுறை முழுசாகச் சுற்றினால் எதிரிக்கு முன்னால் சுற்றியவர்தான் கீழே விழுவார். சின் படையின் நிஜ பலம் விசைவில்லும் வரிசை கலையாத காலாட்படையும். இன்னொன்று, வெட்டிய தலைக்கு ஏற்பப் பதவி கொடுத்த இருபது படி முறை. அடிமைப் பையனாக இருந்த ஷின் இந்த சீசனில் ஆயிரம் பேருக்குத் தலைவனாக நிற்பதை நம்ப முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இந்த முறைதான்.

கடைசியாக உங்கள் நண்பர். அவர் சீசன் 1-ஐப் பார்த்து ஓடிவிடுவார் என்பது உங்கள் பயம், சரிதானே? நியாயமான பயம். 2012-இல் வந்த முதல் சீசனில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கும். நானே மூன்றாவது எபிசோடில் நிறுத்திவிட்டு ஒரு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் சீசன், இரண்டாவது முடிந்து ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு, இமாய்சுமி கெனிச்சி என்ற புது இயக்குநர் கையில், கையால் வரைந்த முகங்களோடு வந்தது. 2020 ஏப்ரலில் நான்கு எபிசோட் ஓடியதும் கொரோனாவால் நின்று, 2021 ஏப்ரலில் முதலிலிருந்து மறுபடி தொடங்கி அக்டோபரில் முடிந்தது. ஸவானோ ஹிரோயுகியும் யாமாமோதோ கோதாவும் போட்ட இசை பல சுமாரான காட்சிகளைத் தூக்கி நிறுத்துகிறது. நிற்கும் படங்கள், அவசரமாக ஓடும் எபிசோடுகள் இங்கேயும் உண்டு. மங்காவில் ஏறக்குறைய 25-ஆம் தொகுதியிலிருந்து 33 வரை உள்ளதை இதில் அடக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் இதிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். தோ ரின்புகுன்னை வெட்டும்போது நமக்கு ஏன் சிலிர்க்கிறது? முதல் சீசன் முழுக்க அந்த ஆள் சின் தளபதி ஓகியின் பின்னால் முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டாமல் நின்றதைப் பார்த்திருக்கிறோம். ஓகி எப்படிச் செத்தார் என்று தெரியாதவருக்கு ஹோகென் வெறும் தடியன், ரிபோகு வெறும் கெட்டிக்காரன். ஹ்யோகோ குடித்துவிட்டுச் சிரிப்பதை முதல் சீசனிலேயே பார்த்தவருக்குத்தான் அந்தக் கேடயத்தின் கனம் தெரியும். முகங்களைச் சகிக்கவே முடியவில்லை என்றால் ஓகியின் கடைசிப் போர் வரை மங்காவில் படித்துவிட்டு இரண்டாம் சீசனிலிருந்து அனிமேக்கு வரச் சொல்லுங்கள். என் தம்பி அப்படித்தான் வந்தான். சாய் முற்றுகையின் ஏழு நாளையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு, காலையில் என்னை எழுப்பிக் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, அந்த ஊர் நிஜமா இருந்துச்சா?"